கழுவிப் போட்ட கையுறைகள்

வெள்ளிக்கிழமை மாலை மகளின் தோழி கார்த்திகா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்துவதைச் சூர்யகலா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். ஆனால் வெளியே போகவில்லை. அங்கேயே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் வரப்போகிறாள் என்பது முந்தின நாளே தெரியும். கணவர் அன்புச்செல்வனுக்குத்தான் அவள் போன் செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போடிமெட்டு மலை ரோட்டில் குப்பை பொறுக்கப் போகிறார்கள். சாக்கு, கையுறை, இடுக்கி எல்லாம் மகள் சுசித்ராவின் அறையில்தான் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள். "வந்து எடுத்துக்கத்தா" என்று சொல்லிவிட்டார் அவர். அதற்குப் பிறகு சூர்யகலா அவரோடு பேசவில்லை.

சுசித்ரா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவர்களுக்கு ஒரே மகள். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை. சொந்த ஊரான சிலமலையிலிருந்து காலை பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூணாறில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, மலைப்பாதை வளைவில் ஒரு குட்டிக் குரங்கைப் பார்த்திருக்கிறாள். யாரோ வீசிய பிளாஸ்டிக் ஜாடிக்குள் தலை மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல் கைப்பிடிச் சுவரில் முட்டி முட்டி ஓடியதாம். தாய்க் குரங்கு பின்னாலேயே கத்திக்கொண்டு போனதாம். பஸ் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதமே கார்த்திகாவையும் இன்னும் நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு சாக்கோடு கிளம்பிவிட்டாள். பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் மலைதான்.

சூர்யகலாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"எவனோ குடிச்சுப் போட்ட பாட்டில எம்மக பொறுக்கணுமா? பொண்ணு பாக்க வர்றவுக கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"குப்பை பொறுக்குற பொண்ணுன்னு சொல்லும்மா. பிடிச்சவன் கட்டிக்கட்டும்" என்பாள் சுசித்ரா. சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு ஞாயிறு அப்படித்தான் போய் வந்தாள். அடுத்த வாரம் காய்ச்சல். டெங்கு என்றார்கள். தேனியில் சேர்த்து, அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மதுரையிலிருந்து ஆம்புலன்ஸில் திரும்பியபோது சூர்யகலா மகளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதம் சில்லென்று இருந்தது.

கொசு எங்கே கடித்திருக்கும் என்று அவள் டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். வீட்டிலும் கடித்திருக்கலாம், கடையிலும் கடித்திருக்கலாம், அதைச் சொல்ல முடியாதும்மா என்றார் அவர். சூர்யகலா ஏற்கவில்லை. மழைத்தண்ணீர் நின்ற கப்புகளுக்கும் டப்பாக்களுக்கும் நடுவில் நாளெல்லாம் குனிந்து கிடந்தவளை வேறெங்கே கடித்திருக்கும்? அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்து கூட்டிப்போனது அந்தக் கார்த்திகா. கூட்டிப்போனவள் சாவு வீட்டுக்கு வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது சாக்குக்கும் இடுக்கிக்கும் வந்து நிற்கிறாள்.

"உக்காருத்தா" என்று அன்புச்செல்வன் சொல்வது கேட்டது. நாற்காலி இழுபட்டது. அதற்கு மேல் தாங்க முடியாமல் சூர்யகலா வெளியே வந்தாள்.

"இப்பத்தான் இந்த வீட்டுக்கு வழி தெரிஞ்சுச்சா?"

கார்த்திகா எழுந்து நின்றாள். சூர்யகலா அவளை நன்றாகப் பார்த்தது அப்போதுதான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முதுகு நிறையத் தொங்கிய சடை, எலிவால் போல மெலிந்து தோளோடு நின்றுவிட்டது. வகிட்டுக்கு இரு பக்கமும் தலைத்தோல் தெரிந்தது.

"எம்புள்ளைய ஒங்கூட அனுப்பிச்சதுதான் நான் செஞ்ச தப்பு. கொண்டுபோயி கொசுவுக்குக் குடுத்துட்டு, கடைசியா மொகம் பாக்கக்கூட ஒனக்கு வரத் தோணல. இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்த?"

"கலா, போதும்" என்றார் அன்புச்செல்வன்.

"இருக்கட்டும்பா" என்றாள் கார்த்திகா. "எனக்கும் காய்ச்சல் வந்துச்சும்மா. அதே வாரந்தான். சுசிய நீங்க மதுரைக்குக் கொண்டு போயிட்டீக. என்னைய தேனியிலயே வச்சிருந்தாக. அவ போயிட்டான்னு எங்க வீட்டுல எங்கிட்ட யாருமே சொல்லல. நான் அவளுக்கு மெசேஜ் போட்டுக்கிட்டே கெடந்தேன். பதில் வரலன்னதும், எம்மேல என்னமோ கோவமா இருக்கான்னு நெனச்சேன்."

கார்த்திகா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சு நடமாடவே ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கப்பறம் வரணும்னு ரெண்டு தடவ கிளம்பி, சிலமலை விலக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம், ஒண்ணாத்தான் காய்ச்சல்ல படுத்தோம். நான் மட்டும் பொழச்சு வந்து ஒங்க முன்னாடி எப்படிம்மா நிக்கிறது?"

இது எதுவும் சூர்யகலாவுக்குத் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் யாராவது சொல்லியிருந்தாலும், அந்த நாட்களில் அவள் காதில் எது விழுந்தது? மதுரை ஆஸ்பத்திரியின் நடைபாதையில் அவள் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், இந்தப் பெண் தேனியில் ஒரு கட்டிலில் கிடந்து, இறந்துகொண்டிருந்தவளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள்.

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பியைக் கொண்டுவந்து கார்த்திகாவின் கையில் கொடுத்தாள்.

"சாமான இன்னைக்கு எடுக்க வேணாம். எல்லாம் சகதியும் தூசியுமாக் கெடக்கு. கழுவித் தைச்சு ஞாயித்துக்கெழம நான் கொண்டாறேன்."

"நீங்களாம்மா?"

"நாந்தான்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை அன்புச்செல்வன் தென்னந்தோப்புக்குப் போன பிறகு அவள் மகளின் அறையைத் திறந்தாள். கட்டிலுக்குக் கீழே எல்லாம் அடுக்கி வைத்தபடி இருந்தன. உரச்சாக்குகள் ஒரு கட்டு. கம்பி இடுக்கிகள். கண்ணாடிச் சில்லு எடுக்க ஒரு பழைய பெயிண்ட் வாளி. ஒரு மரப்பெட்டிக்குள் பஞ்சும் டிஞ்சரும். ரப்பர் கையுறைகளை ஒரு துணிப்பைக்குள் போட்டு வைத்திருந்தாள். பெரும்பாலும் நீல நிறம். ஒரு ஜோடி மட்டும் மஞ்சள். மணிக்கட்டுப் பக்கம் பேனாவால் 'சுசி' என்று எழுதியிருந்தது. வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாதென்று அவள் தனக்குப் போட்டுக்கொண்ட அடையாளம்.

சூர்யகலா எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்தாள். கையுறைகளின் விரல் இடுக்கில் மலை மண் காய்ந்து அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொரு விரலாகத் திருப்பிக் கழுவினாள். மஞ்சள் ஜோடி வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் கழுவினாள். இத்தனை வருடம் மகளின் துணியை அலசிய கைக்கு அது வேறு வேலையாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், ஏழு மாதத்துக்குப் பிறகு சுசித்ராவுக்கு ஏதோ ஒன்று செய்வது போலக்கூட இருந்தது. எல்லாவற்றையும் கொடியில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினாள். ஆனி மாதக் காற்றில் அவை விரல்களை அசைத்துக்கொண்டு தொங்கின.

மத்தியானம் சாப்பிட வந்த அன்புச்செல்வன் வாசலிலேயே நின்றுவிட்டார். கொடியைப் பார்த்தார். கிட்டே போய் மஞ்சள் கையுறையைத் தொட்டார். நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத ஏன் கழுவுன?"

"அழுக்கா இருந்துச்சு. நாளைக்கு..."

"இத ஏன்டி கழுவுன?"

முப்பது வருடத்தில் அவர் அவளை அப்படி ஒரு குரலில் கேட்டதில்லை. சூர்யகலா பயந்து இரண்டடி பின்னால் போனாள்.

"அவ கை வேர்வ அதுக்குள்ளதான இருந்துச்சு. அவ சேலை சுடிதாரெல்லாம் ஒரே வாரத்துல தொவைச்சு எடுத்து வச்சுட்ட. தலகாணி உறையக்கூட மாத்திட்ட. இது ஒண்ணுதான் மிச்சம். தோப்புக்குப் போகுறதுக்கு முந்தி தெனமும் இதுக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டுத்தான் போவேன். உள்ள பெசுபெசுன்னு இருக்கும். அவ இப்பத்தான் கழட்டி வச்ச மாதிரி இருக்கும்."

காலையில் அவர் அந்த அறைக்குள் போய் வருவதை அவள் பார்த்திருக்கிறாள். சாமி படத்துக்கு விளக்கேற்றுவது போல ஏதோ வழக்கம் என்று நினைத்திருந்தாள். என்ன செய்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "சத்தியமாத் தெரியாது."

அவர் மஞ்சள் ஜோடியைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனார். அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை. அவளும் சாப்பிடவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு, கூடத்தில் சாக்குகளைப் பரப்பி, கிழிந்ததையெல்லாம் தனியாக எடுத்தாள். கண்ணாடி கிழித்த ஓட்டைகள்தான் அதிகம். கோணி ஊசியில் சணல் கோத்துத் தைக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் நிறைந்து ஊசி போகும் இடம் தெரியாமல் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது. அன்புச்செல்வன் வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு சாக்கை இழுத்துப் பார்த்தார். அவள் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டார்.

"இப்படித் தச்சா லோடு தாங்காது. ரெட்டைத் தையலாப் போடணும்" என்றார்.

அவள் சணலை வெட்டிக் கொடுத்தாள். அவர் தைத்தார். மஞ்சள் ஜோடி வீட்டிலேயே இருக்கட்டும் என்பது சொல்லாமலே முடிவாகியிருந்தது. அடுக்கி முடித்தபோது சூர்யகலா, "நீங்க வர்றீகளா?" என்று கேட்டாள்.

"என்னால அங்க வந்து நிக்க முடியாது. ஜீப்பு வரைக்கும் தூக்கி வச்சுத் தர்றேன்."

ஞாயிறு விடியற்காலையில் எழுந்து ஒரு குண்டான் நிறையப் புளிச்சோறு கிளறினாள். மகள் போன நாளெல்லாம் ஒரு வாய் சோறு கட்டிக் கொடுத்ததில்லை. குப்பைக்குப் போகிறவளுக்குச் சோறு வேறா என்று கோபம். பிள்ளைகள் மலையடிவாரத்து முந்தல் கடையில் பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதை நினைத்ததும் கிளறிய கரண்டி நின்றது. பிறகு வாழை இலையை வாட்டிப் பொட்டலம் மடித்தாள்.

டிரைவர் வினோத்குமார் ஜீப்பைக் கொண்டுவந்தான். வார நாட்களில் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப். உள்ளே கார்த்திகாவும் வேறு ஐந்து பேரும் இருந்தார்கள். சாக்குக் கட்டைத் தூக்கி வைத்த அன்புச்செல்வன் இறங்கவில்லை. கட்டின் மேல் கையை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, வர்றீகளா?" என்றான் வினோத்குமார்.

"எறக்கி வைக்க ஆள் வேணும்ல. நீ எடு."

முந்தல் தாண்டி ரோடு மலையேறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கீழே போடியும் தென்னந்தோப்புகளும் சாரல் மூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தன. அகலமான ஒரு வளைவில், கார்களை நிறுத்திப் படம் எடுக்கிற இடத்தில், வினோத்குமார் ஜீப்பை ஓரங்கட்டினான். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த சூர்யகலா அதிர்ந்துபோனாள். சரிவு முழுக்க பாட்டில்களும் தட்டுகளும் பாக்கெட்டுகளும். புதரெல்லாம் வெள்ளைப் பூப் பூத்தது போல பிளாஸ்டிக் கப்புகள்.

"ஏழு மாசமா யாரும் வரலம்மா" என்றாள் கார்த்திகா மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அன்புச்செல்வன் ஜீப்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தார். பிறகு மறுபடியும் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். பள்ளத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சூர்யகலா நீலக் கையுறையை மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, சரிவில் இறங்கினாள். முதலில் எடுத்தது ஒரு கப். பாதி அளவுக்கு மழைத்தண்ணீர் நின்றது. கொட்டப் போனவள் உள்ளே பார்த்தாள். நூல் நூலாகச் சிறு புழுக்கள் மேலும் கீழுமாகத் துடித்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் கப்பிலும் அதுவே. அதற்கடுத்ததிலும்.

அவள் சாக்கைக் கீழே போட்டுவிட்டாள். ஒவ்வொரு கப்பாக எடுத்துத் தண்ணீரை மண்ணில் கொட்டினாள். கொட்டிய இடத்தைச் செருப்பால் தேய்த்தாள். அடுத்ததைக் கொட்டினாள். டப்பா மூடியில் நின்ற ஒரு மடக்குத் தண்ணீரையும் விடவில்லை. குப்பையைப் பொறுக்கவே மறந்து கவிழ்த்துக்கொண்டே போனவள், கால் வழுக்கும் விளிம்புக்கு வந்துவிட்டாள். கார்த்திகா ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் வாங்க."

"இங்கதான கடிச்சிருக்கும்? சொல்லுத்தா. இங்கதான?"

"தெரியலம்மா. நெசமாவே தெரியல."

"இது பூராத்தையும் கவுத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பாள்ல? நான் ஒரு நாளாவது கூட வந்திருந்தா ரெண்டு கை சேந்திருக்கும்ல?"

கார்த்திகாவும் குனிந்து கப்புகளைக் கவிழ்க்கத் தொடங்கினாள். இருவருமாக அந்தத் திட்டு முழுவதையும் கவிழ்த்த பிறகுதான் சாக்கை எடுத்தார்கள்.

வெயில் ஏறியது. சாக்குகள் நிரம்பி ரோட்டோரம் வரிசையாக நின்றன. சோற்றுப் பொட்டலத்தை எடுக்கச் சூர்யகலா மேலே ஏறி வந்தாள். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு கார் வந்தது. வளைவில் மெதுவாகத் திரும்பும்போது பின் ஜன்னல் இறங்கியது. ஒரு கை வெளியே வந்து, முடிச்சுப் போட்ட ஒரு பையைச் சரிவை நோக்கி வீசியது. பை கைப்பிடிச் சுவரில் பட்டு வெடித்து, எச்சில் சோறும் எலும்பும் ரோட்டில் சிதறின. ஜன்னல் ஏறிக்கொண்டது.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து அன்புச்செல்வன் குதித்தார்.

"ஏய்! நிறுத்துடா! நிறுத்து!"

கார் நிற்கவில்லை. அவர் ஓடினார். மேல்துண்டு கீழே விழுந்தது தெரியாமல், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஏற்றத்தில் காருக்குப் பின்னால் ஓடினார். "நிறுத்துடா" என்று கத்திய குரல் வளைவுக்கு அப்பால் போய், பிறகு வெறும் சத்தமாக மட்டும் கேட்டது.

சூர்யகலா பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். அடுத்த வளைவில், ரோட்டு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. மூக்குக்கண்ணாடி நழுவித் தாடையில் தொங்கியது. காரைக் காணவில்லை. அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கைப்பிடிச் சுவரோரம் கொண்டுவந்து உட்காரவைத்தாள். நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள்.

"வண்டி நின்னிருந்தா என்னங்க சொல்லிருப்பீக?"

அவர் யோசித்தார். சொல்ல வந்து வாயைத் திறந்தார். வந்தது அழுகை. பாடை தூக்கிய அன்றுகூட ஊராருக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனிதர், நடு ரோட்டோரத்தில் வாய்விட்டு அழுதார்.

"எம்புள்ள செத்துட்டாடான்னு சொல்லிருப்பேன், கலா. வேற என்னத்தச் சொல்ல? எம்புள்ள செத்துட்டாடா, இனிமேயாவது போடாதீகடான்னு..."

அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மேலேயிருந்து இறங்கிய ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் போய்விட்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது, சிதறிய எச்சிலைப் பிள்ளைகள் அள்ளி முடித்து ரோட்டில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வினோத்குமார் துண்டை உதறி அவர் தோளில் போட்டுவிட்டான். எல்லோரும் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். அன்புச்செல்வனும் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"அடுத்த மாசம் நான் வரமாட்டேன்" என்றார் மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இத என்னால பாக்க முடியல."

"வர வேணாங்க."

"நீ?"

"நான் வருவேன்."

அவர் தலையாட்டினார். கோபமோ வருத்தமோ அதில் தெரியவில்லை.

இறங்கும்போது ஜீப் நிறையச் சாக்குகள். இருந்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நோயில் போன பலம் இன்னும் திரும்பாத கார்த்திகா, இரண்டாவது வளைவு வருவதற்குள் தூங்கிப்போனாள். அவள் தலை சரிந்து சூர்யகலாவின் தோளில் விழுந்தது. எண்ணெயும் வேர்வையும் மண்ணும் கலந்த வாசனை. சூர்யகலா அசையாமல் இருந்தாள். ஜீப் குலுங்கும்போதெல்லாம் அந்தத் தலை இடித்துக்கொள்ளாதபடி கையை வைத்து அணைத்துக்கொண்டாள். அது சுசித்ராவின் தலை இல்லை என்பது ஒவ்வொரு வளைவிலும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.